நிச்சயத்தில் பூசிய சந்தனம்

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் இன்றைக்கு என் மனசு முழுக்க இருப்பது அருவருப்பு. அதை மூடிவைத்துவிட்டு வேறு ஏதாவது எழுதினால் பொய்யாகிவிடும். நீ போன் எடுப்பதில்லை. ஒரகடத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளை, ஷிஃப்ட்டில் இருப்பான், தூங்கிக்கொண்டிருப்பான் என்று முதலில் உனக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உனக்கும் நந்தினிக்கும் நிச்சயம் முடிந்து இத்தனை நாளாகியும் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வராததால்தான் எழுதுகிறேன். இதை உன் ரூமில் இருக்கிறவர்கள் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. உன் அத்தை படித்தால் இன்னும் நல்லது. கல்யாணம் பேசி முடித்த வேறு எந்தப் பையன் கையில் கிடைத்தாலும் அவனும் படிக்கட்டும்.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். நிச்சயத்துக்கு மறுநாளே நந்தினிக்கு முகம் வீங்கிவிட்டது. கண் இரண்டையும் திறக்க முடியவில்லை. கன்னம், கழுத்து, காதுக்குப் பின்னால் எல்லாம் சிவந்து தடித்து, நீர் கோத்துக் கசிகிறது. அவள் அம்மா கடம்பத்தூரிலிருந்து போன் போட்டு அழுதாள். நம் வீட்டில் அதற்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? உன் அப்பாவின் அக்கா, உன் சரோஜா அத்தை, நடுவீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "பொண்ணுக்குத் தோல் வியாதி கீது. மறைச்சு நம்ம தலைல கட்டப் பாத்துக்கினு இருந்திருக்காங்கோ. இதுக்கு மேல இன்னா பேச்சு, தட்டைத் திருப்பி அனுப்பு" என்கிறாள். உன் அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா சொல்றதும் ஒரு வகைல கரெக்ட்டுதான்" என்கிறார். நீயோ போனையே எடுக்கவில்லை. வியாதி என்று ஒன்று இருந்தால் அதைக் கொடுத்தது நாம்தான் என்று நம் வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நாம் கொடுத்தோம் என்று நான் சும்மா சொல்லவில்லை. நிச்சயத்துக்கு வேனில் கிளம்புவதற்கு முன்னால், ஆரம்பாக்கத்தில் நம் வீட்டு அடுப்படியில் நடந்தது உனக்குத் தெரியாது. சரோஜா அத்தையின் மகன் வினோத் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பவுடரும் கிரீமும் செய்கிற கம்பெனியில் ஸ்டோரில் இருக்கிறான் அல்லவா? நம் பக்கத்தில் அது ஒரு தனிப் பெருமை. உன் அப்பா இரும்புக் கம்பெனியில் காலம் பூரா உழைத்தார், நம் வீட்டு விசேஷத்தில் யாரும் இரும்பைக் கொண்டுவந்து வைக்கவில்லை. ஆனால் வாசனைக் கம்பெனியில் ஒரு பிள்ளை இருக்கிறான் என்றால், அந்தக் குடும்பத்து விசேஷம் தெரு முனை வரைக்கும் மணந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்கு அங்கே மதிப்பில்லை என்று அர்த்தமாம். அந்தக் கம்பெனிகளுக்குப் பெரிய கேன்களில் கெட்டியான வாசனை எண்ணெய் வரும். காம்பவுண்டு என்பார்கள். ஒரு பெரிய தொட்டிப் பவுடருக்கு அதில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். ஊற்றுகிறவன் கையுறை போட்டுக்கொண்டு, மூக்கைக் கட்டிக்கொண்டுதான் ஊற்றுவான். அதை வினோத் ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். உன் அத்தை அதைச் சந்தனக் கிண்ணத்தில் தாராளமாகக் கவிழ்த்தாள். மிச்சத்தைப் பன்னீர்ச் சொம்பில் விட்டாள்.

வாசனை என்று எல்லாரும் சொல்கிறார்கள், நான் நாற்றம் என்றுதான் சொல்வேன். அது ரோஜாவும் இல்லை, சந்தனமும் இல்லை. பெயிண்ட் டப்பாவில் சர்க்கரைப் பாகை ஊற்றிக் கலக்கின மாதிரி ஒரு நாற்றம். மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசற்படியில் நின்றபடியே சொன்னேன்: "அண்ணி, அது காம்பவுண்டு. அப்படியே பச்சையா தோல்ல படக் கூடாது." உன் அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உனுக்குத்தான் எதைத் தொட்டாலும் அரிக்கும். ஊர்ல எல்லாருக்குமா அரிக்குது? மண்டபம் பூரா மணக்கணும், இன்னா சென்ட்டுன்னு நாலு பேரு வந்து கேக்கணும்" என்றாள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எதற்கு வாய் கொடுக்க வேண்டும் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். போதாக்குறைக்கு அந்தத் தட்டை வேனில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததும் நான்தான். அந்தப் பங்கு என்னுடையது, அதை உன் தலையில் கட்டமாட்டேன்.

மேடையில் நடந்தது உன் பங்கு. தட்டு மாற்றியாகிவிட்டது. உன்னையும் அவளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். அத்தை விரல் நாலையும் கிண்ணத்தில் முக்கி எடுத்துக்கொண்டு அவளிடம் குனிகிறாள். அந்தப் பெண் தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, யாருக்கும் கேட்காத மாதிரி, "வேணாம்மா, எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது. குங்குமம் மட்டும் வெச்சு வுடுங்களேன்" என்றாள். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். உன் அத்தை அதை மைக் இல்லாமலே மண்டபத்துக்கு அறிவித்தாள்: "இன்னாடி இது, நல்ல காரியத்துல சந்தனம் வேணான்றா." எல்லாத் தலையும் திரும்பியது. அப்போது அவள் பார்த்தது அவள் அம்மாவை இல்லை, உன்னைத்தான். நீ பல்லைக் காட்டிக்கொண்டே, "ஒரு நாளுதானே, வெச்சுக்கோ. எல்லாரும் பாக்கறாங்கோ" என்றாய். போட்டோ எடுக்கிறவன் "பொண்ணு கொஞ்சம் சிரிங்கம்மா" என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி உன் அத்தை கன்னத்திலும் கழுத்திலும் அப்பினாள். நீ உன் கையிலும் பூசிக்கொண்டாய், உனக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்கு ஆகாததால் அவளுக்கும் ஆகாது என்று நினைத்துக்கொண்டாய் போலிருக்கிறது.

எனக்கு இதில் புதிதாக எதுவுமில்லை, தம்பி. அதனால்தான் இவ்வளவு அருவருப்பு. நீ பால்வாடிக்குப் போகிற காலத்தில் நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். பவுடர் டப்பாவுக்கு மூடி அழுத்தி, துடைத்து, பெட்டியில் அடுக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது தலைமுடி, ரவிக்கை, தாலிக்கயிறு வரைக்கும் மணக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "நீங்க எந்தக் கம்பெனிம்மா, வாசனையா கீதே" என்று கேட்பார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ரொம்ப நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு விரல் சந்தில் அரிக்க ஆரம்பித்தது. அப்புறம் மணிக்கட்டு, கழுத்து, கண் இமை. சொறிந்தால் தோல் உரியும், உரிந்த இடத்தில் தண்ணீர் வடியும், காய்ந்தால் வெடிக்கும். புளி கரைக்க முடியாது, சோறு பிசைய முடியாது. நம் வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து ஜன்னலில் கவிழ்த்துவைத்தது யார் தெரியுமா? இதே சரோஜா அத்தைதான். "ஒட்டுவாரொட்டி வியாதியா இருந்தா இன்னா பண்றது, புள்ள கீற வூடு" என்றாள். உன் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அடிக்கமாட்டார், குடிக்கமாட்டார், சம்பளத்தை அப்படியே என் கையில் கொடுப்பார். ஆனால் அந்த டம்ளர் ஜன்னலில் இருந்த காலமெல்லாம் அதைப் பார்க்காத மாதிரியே அவரால் தினம் காபி குடிக்க முடிந்தது. உன்னை மேடையில் பார்த்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

கடைசியில் என்னைச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்தான். முதுகில் சின்னச் சின்னதாகப் பிளாஸ்திரி ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து வைத்து அனுப்பினார்கள். குளிக்கக் கூடாது, முதுகு நனையக் கூடாது. திரும்பிப் போனபோது ஒட்டின இடங்களில் வாசனைச் சரக்கு வைத்த இடம் மட்டும் கொப்பளித்திருந்தது. அந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "இது தொத்து வியாதி இல்லை. அழுக்கும் இல்லை. சோப்பு, பவுடர், கிரீம்ல போடற வாசனை உங்க உடம்புக்கு ஆகலை. பல வருஷம் பட்டுப் பட்டு ஒரு நாள் ஆரம்பிக்கும். ஆரம்பிச்சா உடம்பு மறக்காது, தொடாம இருக்கறதுதான் வழி." நான் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். உன் அத்தை, "டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்கோ, எனுக்கு ஏன் வரல?" என்றாள். டம்ளர் ஜன்னலிலேயே இருந்தது. அடுத்த தீபாவளிக்குச் சோப்பும் பவுடரும் போட்ட பெட்டியை எனக்குச் சீராகக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான், வாங்க மறுத்தால் அவமானமாம்.

அந்தப் பெட்டியை நீ என்ன செய்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். அத்தை வருத்தப்படக் கூடாது என்று நான் அந்தப் பவுடரைக் கழுத்தில் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். உன் அப்பா போட்டுக்கொள்ளச் சொன்னார், ஒரு நாள்தானே என்றார். சாயங்காலம் நான் கழுத்தைச் சீப்பால் சொறிந்துகொண்டிருந்ததை நீ பார்த்துக்கொண்டே நின்றாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு டப்பாவாக ஏரியில் எறிந்துவிட்டு வந்தாய். அத்தை துடைப்பக்கட்டையாலேயே உன்னை அடித்தாள். ஏன்டா எறிஞ்சே, ஏன்டா எறிஞ்சே என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டாள். நீ அழாமல், "அம்மாவுக்கு அரிக்குது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். என் வாழ்க்கையில் எனக்காக ஒருவர் பேசினது அன்றைக்குத்தான். அந்தப் பையனை நினைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் இந்த வீட்டில் நிம்மதியாக இருந்தேன். நமக்கு ஒரு பிள்ளை இருக்கிறான், அவன் கட்டிக்கொண்டு வருகிற பெண் கொடுத்துவைத்தவள் என்று அக்கம்பக்கத்தில் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முந்தாநாள் நான் ஒருத்தியாகக் கடம்பத்தூர் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சென்ட்ரல் போய் அரக்கோணம் வண்டி மாறிப் போனேன். பெண்கள் பெட்டியில் ஒருத்தி கைப்பையிலிருந்து சென்ட் எடுத்துப் பெட்டி முழுக்க அடித்தாள், நான் கதவோரமாக நின்றுகொண்டே போனேன். அங்கே வாசலில் என்னைப் பார்த்ததும் நந்தினியின் அம்மா கையைக் கூப்பினாள். "மன்னிச்சுக்கோங்க சம்பந்தி, நாங்க ஒண்ணும் மறைக்கலை. பொண்ணுக்கு வியாதியெல்லாம் இல்லீங்க, கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்கிறாள். பெண்ணின் முகத்தைப் பாழாக்கினவர்கள் நாம், மன்னிப்புக் கேட்கிறவள் அவள். அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன். என் கையை அவளிடம் காட்டினேன். விரல் சந்தில் இருக்கிற கறுப்பையும் வெடிப்பையும் தடவிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் உள்ளே கூப்பிட்டாள்.

நந்தினி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். என் குரல் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, துப்பட்டாவால் முகத்தை மூடினாள். நான் எடுக்கச் சொன்னேன். தம்பி, நான் என் முகத்தையே கண்ணாடியில் பார்த்தவள், எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் மாத்திரையும் மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். வீக்கம் வடிந்ததும் முதுகில் ஒட்டிப் பார்க்கிற அந்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். குறையும், ஆனால் கொஞ்ச நாள் கறுத்துப்போய் இருக்கும் என்றார்களாம். நான் சந்தனத்தில் கலந்தது என்ன என்று அவளிடம் சொன்னேன், தட்டு பிடித்துக்கொண்டு வந்தது நான்தான் என்றும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அவரு வரலீங்களா?" என்று கேட்டாள். நான் வெட்கமில்லாமல் உனக்கு ஷிஃப்ட் என்றேன். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "சந்தனம் கூடப் பரவால்லை அத்தை. போன மாசமே அவராண்ட எல்லாம் சொன்னேன். பார்லர்ல ஒரு தடவை ஃபேஷியல் பண்ணி இதே மாதிரி ஆச்சு, வாசனை எதுவும் எனக்கு ஆகாதுன்னு சொன்னேன். நான் பாத்துக்கறேன்னு சொன்னாரு. பாத்துக்கினுதான் இருந்தாரு." அதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எனக்கும் சொல்லு.

அதுவரைக்கும் நீ விவரம் தெரியாமல் பேசிவிட்டாய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தே சொல்லியிருக்கிறாய். வண்டியில் திரும்பி வரும்போது, உன்னைப் பெற்றதிலிருந்து முதல் முறையாக எனக்கு உன் மேல் அருவருப்பு வந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இதுதான் உண்மை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக ஒருத்தியின் தோலை எடுத்துக் கொடுத்துவிட்டாய். அந்த நாலு பேரில் ஒருவராவது அவளுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார்களா? சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இனி நீ தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். அவளோடு வாழக் கொடுத்துவைத்திருந்தால் உனக்கு உதவும். வாசனை ஆகாது என்பது அவளுடைய பிகு இல்லை, புது நாகரிகம் இல்லை, உன் குடும்பத்தை மதிக்காததும் இல்லை. கடையில் எந்த டப்பாவை எடுத்தாலும் பின்னால் திருப்பிப் பார். என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள், வாசனைக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும். அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை சரக்கு இருக்கிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. மூலிகை, இயற்கை என்று பச்சை இலைப் படம் போட்டிருந்தால் ஏமாறாதே, பூவிலிருந்து எடுத்த எண்ணெயும் ஆகாதவர்களுக்கு ஆகாது. மணமே இல்லை என்று தோன்றுகிற டப்பாவிலும் வேறு நாற்றத்தை மறைக்க வாசனை போட்டிருப்பார்கள். அவள் போட்டுக்கொள்ளாமல் இருந்தால் மட்டும் போதாது, உன் சட்டைக்குக் கடைசித் தண்ணீரில் ஊற்றுகிற வாசனைத் திரவமும் உன் தலைக்குத் தடவுகிற ஜெல்லும் அவள் கன்னத்தில்தான் வந்து படும். கல்யாணம் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. உன் அத்தை நிறுத்துகிறேன் என்கிறாள், ஆனால் நிறுத்துகிற உரிமை இப்போது நந்தினிக்குத்தான். நடந்தால் நலங்குத் தட்டு என் கையில் இருக்கும். கிண்ணமும் சொம்பும் அதில் இருக்காது. அட்சதை போட்டு ஆசீர்வாதம் பண்ண இஷ்டமிருக்கிறவர்கள் பண்ணட்டும். உன் அத்தையிடம் இதை நேற்றே சொல்லிவிட்டேன். "உனுக்கு வாய் வந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உன் அப்பா டிவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நீ லீவு சொல்லிவிட்டு கடம்பத்தூர் போ. போன் பண்ணாதே, நேரில் போ. போவதற்கு முன்னால் வெறும் தண்ணீரில் நன்றாகக் குளி. அக்குளில் அடித்துக்கொள்கிற அந்தக் கண்றாவியை அன்றைக்காவது தொடாதே. வாசனையில்லாமல் துவைத்த சட்டை உன்னிடம் இருக்காது, அதனால் இந்தக் கடிதத்தோடு ஒன்று அனுப்பியிருக்கிறேன். சோப்பில்லாமல் வெந்நீரில் அலசி வெயிலில் போட்டது, அதைப் போட்டுக்கொள். ஸ்டேஷனில் இறங்கியதும் வழக்கம்போல மல்லிப்பூ வாங்கிக்கொண்டு போகாதே. வெறும் கையோடு போ. அத்தைக்காகப் பேசாதே, எனக்காகவும் பேசாதே, எல்லாரும் பார்த்தார்கள் என்று ஆரம்பிக்காதே. நான் தெரிந்தேதான் சொன்னேன் என்று சொல்லு. அவள் முகத்தைத் துப்பட்டாவால் மூடினால் எடுக்கச் சொல்லாதே, என் வயசுக்காரிகள் அதைச் சொல்லலாம், நீ சொல்லக் கூடாது. அவளாக எடுத்தால், கண்ணைத் திருப்பாமல் பார்.

அவள் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னால், கெஞ்சாமல், முறைக்காமல் கேட்டுக்கொண்டு எழுந்து வா. அவள் உன் முன்னால் வேண்டாம் என்று சொல்வது அது இரண்டாவது தடவை. முதல் தடவை சொன்னபோதே நீ கேட்டிருக்க வேண்டும்.

அம்மா